என் வாசலில் நிற்கும் கார் எங்களுடையது அல்ல

அனுப்புநர்
செ. சீனியம்மாள் (வயது 71),
க/பெ. செல்லப்பா (காலமாகிவிட்டார்),
பஜார் ரோட்டுப் பின்சந்து,
மட்டாஞ்சேரி, கொச்சி.

பெறுநர்
வட்ட வழங்கல் அலுவலர் அவர்கள்,
கொச்சி வட்டம்.

பொருள்: நான் சொன்ன ஒரு பொய்யால் முன்னுரிமைக் குடும்பங்களுக்கான பிங்க் ரேஷன் அட்டை விண்ணப்பம் தள்ளுபடியானது – மறு விசாரணை கோருவது – தொடர்பாக.

பார்வை: 27.03.2025 தேதியிட்ட தள்ளுபடிக் கடிதம்.

மதிப்பிற்குரிய ஐயா,

நான் நாலாம் வகுப்புவரை தமிழில் படித்தவள். மலையாளம் பேசுவேன், எழுத வராது. இதற்கு முன் அனுப்பிய இரண்டு மனுக்களையும் அக்ஷயா இ-சேவை மையத்தில் ஷபானா என்ற பெண் எழுதித் தந்தாள். நல்ல பெண்தான். ஆனால் நான் பொய் சொன்ன இடத்தில் ‘தவறாகப் புரிந்துகொள்ளப்பட்டது’ என்று எழுதிவிட்டாள். வந்த அதிகாரி சரியாகத்தான் புரிந்துகொண்டார். ஆகையால் மூன்றாவது மனுவை நானே எழுதுகிறேன். மலையாள மொழிபெயர்ப்பு பின்னால் இணைத்துள்ளேன்.

1. வீட்டில் நான், மகன் இசக்கிராஜா, மருமகள் கற்பகம், பேத்திகள் இருவர். மகனுக்குக் காக்கநாட்டில் அடுக்குமாடி வீடுகளுக்கு ஃபால்ஸ் சீலிங் போடும் வேலை. அங்கே ஐ.டி. கம்பெனிகளில் ஆட்களை வீட்டுக்கு அனுப்பத் தொடங்கியதும், வீடு பதிவு செய்தவர்கள் பின்வாங்கினார்கள். கட்டிடம் பன்னிரண்டாம் மாடியோடு நிற்கிறது. 2023 ஜூலைக்குப் பிறகு மகனுக்கு மாதத்தில் ஆறு நாள் வேலை கிடைத்தால் அது நல்ல மாதம். மருமகள் எர்ணாகுளத்தில் ஒரு துணிக்கடையில் நிற்கிறாள். புடவை எடுக்க வருகிறவர்கள் விரித்துப் பார்த்துவிட்டுப் போய்விடுகிறார்கள் என்று, அவளை வாரம் மூன்று நாள் வந்தால் போதும் என்று சொல்லிவிட்டார்கள்.

2. டி.வி.யில் சாம்பத்திக மாந்த்யம், அதாவது பொருளாதார மந்தம், இருக்கிறது என்று ஒருவரும் இல்லை என்று ஒருவரும் சண்டை போடுகிறார்கள். எங்கள் சந்தில் அந்தச் சண்டை இல்லை. கால் கிலோ சாளை கேட்டால் முன்பு திட்டிக்கொண்டிருந்த மீன்காரர், இப்போது தானே கால் கிலோவாகக் கூறு கட்டி வைக்கிறார். பேக்கரிக்காரர் பிறந்தநாள் கேக்கைத் துண்டாக விற்கிறார். ஒரு சாயாவை இரண்டு கிளாஸில் கேட்டால் யாரும் முகம் சுளிப்பதில்லை.

3. எங்களிடம் முன்பு பிங்க் அட்டை இருந்தது. அதை யாரும் பிடுங்கவில்லை. 2022 ஓணத்துக்கு முந்தின வாரம் நானே கொண்டுவந்து கொடுத்தேன். அந்த வருஷம் மகன் பழைய கார் ஒன்று வாங்கியிருந்தான். அடுத்த வீட்டு சரோஜம்மா, ரேஷன் கடை வரிசையில் பதினாலு பேர் கேட்க, “காரு வாங்கின வீட்டுல சோறு மட்டும் கவர்மெண்ட் அரியிலயாக்கும்!” என்றாள். சிரித்தவர்கள் யார் யார் என்று இப்போதும் என்னால் சொல்ல முடியும். மறுநாளே அட்டையை ஒப்படைத்தேன். கார் வைத்திருப்பவர்களுக்கு அந்த அட்டை கிடையாது; தகுதியில்லாதவர்கள் தாமாகத் திருப்பித் தரும்படி அரசு கேட்டிருந்த காலம் அது. வாங்கிய அலுவலர் எழுந்து நின்று கைகூப்பினார். அன்றுமுதல் நான் சரோஜம்மாவோடு பேசவில்லை.

4. அந்தக் காரை 2024 பிப்ரவரியில் களமசேரிக்காரர் ஒருவருக்கு விற்றுவிட்டோம். பெயர் மாற்றிய நகல் இணைத்துள்ளேன். கார் நின்ற இடம் காலியானதும், பஜார் ரோட்டில் ரெடிமேட் கடை வைத்திருக்கும் ரமேஷ்பாபு தம் காரை அங்கே நிறுத்த வாடகைக்குக் கேட்டார். கொடுத்தோம். எங்கள் கேஸ் சிலிண்டர் அந்த வாடகையில்தான் வருகிறது. பெட்ரோலுக்குப் பயந்து அவர் காரை அதிகம் எடுப்பதில்லை. விற்கவும் பார்க்கிறார், வாங்க ஆளில்லை. ஆகவே அது எந்நேரமும் எங்கள் வாசலிலேயே நிற்கிறது.

5. மீண்டும் பிங்க் அட்டைக்கு விண்ணப்பித்தோம். 2025 மார்ச் 12, புதன்கிழமை, காலை பத்தே முக்காலுக்குத் தங்கள் ஆய்வாளர் வந்தார். மகனும் மருமகளும் வெளியே போயிருந்தார்கள். ஆய்வாளர் காரைக் காட்டி, “இது ஆருடெ வண்டி, அம்மச்சி?” என்று கேட்டார். அந்த நேரம் பார்த்து சரோஜம்மா மதிலுக்கு அந்தப்பக்கம் துணி காயப்போட்டுக்கொண்டிருந்தாள். ஒரே தாவணியை மூன்று தடவை உதறினாள். வாசலை வாடகைக்கு விட்டுத்தான் அடுப்பு எரிகிறது என்று அவள் காதுபட என் வாயால் சொல்ல எனக்கு வரவில்லை. “எங்க காருதான் சாரே, வேற யாரு கார் இங்க நிக்கும்?” என்றேன். அவர் எழுதிக்கொண்டு போனார். இது என் குற்றம். அவர்மேல் ஒன்றும் இல்லை. அன்று மாலை மகன் காரின் பெயர் மாற்றிய நகலைத் தேடி எடுத்து என் முன்னால் வைத்தான். திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன்.

6. அலுவலகத்தில் விசாரித்தபோது, கார் எங்களுடையது அல்ல என்று அயல்வீட்டார் ஒருவர் எழுதித் தரவேண்டும் என்றார்கள். எங்களுக்கு ஒருபக்கம் பூட்டிக் கிடக்கும் மிளகுக் கிடங்கு. மறுபக்கம் சரோஜம்மா. ஏப்ரல் 30 அன்று அவள் கேட்டில் போய் நின்றேன். “வழி தெரிஞ்சுதா சீனியக்கா?” என்றாள். விஷயத்தைச் சொன்னேன். வேறு ஒன்றும் கேட்காமல் உள்ளே போய் எழுதிக்கொண்டு வந்தாள். அவள் மலையாளத்தில் எழுதியதைப் பேத்தி படித்துச் சொன்னாள்: “இது வாடகைக்கு நிற்கும் வண்டி என்று முதல் நாளிலிருந்தே எனக்குத் தெரியும். இவர்கள் வீட்டில் குக்கர் விசில் ஒருநாளைக்கு ஒரு தடவைதான் கேட்கிறது. ஒரு வருஷமாக அப்படித்தான்.”

ஐயா, யாருக்குத் தெரியக்கூடாது என்று அந்தப் பொய்யைச் சொன்னேனோ, அவளுக்கு எல்லாம் தெரிந்தே இருந்திருக்கிறது. அந்தப் பொய்யை நம்பியது தங்கள் அலுவலகம் ஒன்றுதான்.

7. இதையெல்லாம் திருத்தினாலும் அட்டை உடனே கிடைக்காது என்பதும் தெரியும். பிங்க் அட்டை இத்தனைதான் என்று கணக்கு இருக்கிறதாம். “ஆராவது திரிச்சுக் கொடுத்தாத்தான் அம்மச்சி ஒழிவு வரும்” என்று ஜன்னலில் இருந்தவர் சொன்னார். காலியிடம் வர, இந்தக் காலத்தில் யார் அட்டையைத் திருப்பித் தருவார்கள்? கொடுக்கிற புத்தி எனக்கு வந்தது மாதிரி இன்னொருத்திக்கு வராது. வரவேண்டாம் என்றுதான் நானும் நினைக்கிறேன்.

எனவே, ஐயா அவர்கள் மார்ச் 12-ஆம் தேதிக் குறிப்பை நீக்கி, மறு விசாரணைக்கு உத்தரவிட்டு, காத்திருப்போர் பட்டியலில், அது எத்தனை நீளமாக இருந்தாலும், எங்கள் பெயரைச் சேர்க்குமாறு பணிந்து கேட்டுக்கொள்கிறேன். விசாரணைக்கு வரும் நாளில் அந்தக் காரை அப்புறப்படுத்தி வைக்க எங்களால் இயலாது. வாடகை போய்விடும். பட்டியலில் எங்கள் முறை வரும்போது நான் இல்லாவிட்டால், அட்டையைக் கற்பகத்தின் பெயரில் தரவும். அவளுக்குப் பொய் சொல்ல வராது.

இடம்: மட்டாஞ்சேரி
நாள்: 19.05.2025

இங்ஙனம்,
தங்கள் முடிவுக்குக் கட்டுப்பட்ட,
செ. சீனியம்மாள்

இணைப்பு: கார் பெயர் மாற்றிய நகல், சரோஜம்மாவின் கடிதம், மலையாள மொழிபெயர்ப்பு.