பட்டியலில் இல்லாமல் போன பெயர்

மார்ச் 3, செவ்வாய்

காலையில் நான் பராமரிக்கிற ஆஸ்பத்திரிக் கணினிகளில் ஒன்று பாதி வேலையில் நின்றுபோனது. ஒருவர் பட்டியலைத் திருத்தும்போது மற்றவர் கைவைக்காமலிருக்க அது போட்ட பூட்டு மட்டும் சர்வரில் அப்படியே கிடந்தது. கண் ஆபரேஷன் பட்டியலை யாராலும் திருத்த முடியவில்லை. பெரிய டாக்டர் கத்தினார். பூட்டை அந்தந்தக் கணினி தனக்குள்ளேயே போட்டுக்கொள்ளும்படி மாற்றினேன். வேகத்துக்காக, ஒவ்வொரு கணினியும் தன்னிடமுள்ள பட்டியலின் பழைய நகலையே கொஞ்ச நேரம் காட்டட்டும் என்றும் விட்டேன். எல்லாம் பறக்கிறது. எனக்குப் பாராட்டு வேறு! தற்காலிக ஏற்பாடுதான். வெள்ளிக்கிழமை சரிசெய்துவிட வேண்டும்.

மார்ச் 6, வெள்ளி

நேரமில்லை. திங்கட்கிழமை பார்க்கலாம்.

மார்ச் 12, வியாழன்

ஒரு பெரியவர் ஆபரேஷனுக்காக வெறும் வயிற்றோடு வந்தார். பட்டியலில் பெயர் இல்லையென்று திருப்பி அனுப்பிவிட்டார்கள். வரவேற்பில் பெயர் பதிகிற அக்கா அழாத குறை. “சத்தியமா போட்டேன் டாக்டர்.”

“வயசாயிடுச்சுன்னா சொல்லிடுங்கம்மா” என்றார் பெரிய டாக்டர், எல்லோர் முன்னாலும்.

சர்வரைத் தோண்டினேன். நேற்று 10:14க்கு அக்கா பெரியவர் பெயரைச் சேர்த்திருக்கிறார். 10:15க்கு மாடிக் கவுன்ட்டரில், பழைய நகலிலேயே வேறொரு பெயரைச் சேர்த்து, அதை அப்படியே அக்கா சேமித்ததன் மேல் சேமித்திருக்கிறார்கள்; பெரியவர் பெயர் அழிந்துவிட்டது. இரண்டு கணினியும் பூட்டித்தான் இருக்கின்றன. ஒன்று பூட்டியது மற்றதற்குத் தெரியாது — அது என் கைங்கரியம்.

சத்தமில்லாமல் எல்லாவற்றையும் பழையபடி மாற்றினேன். வாயைத் திறக்கவில்லை.

மார்ச் 17, செவ்வாய்

சாப்பாட்டு அறையில் அக்கா: “எங்கம்மாவுக்கும் மறதி இப்படித்தான் தம்பி ஆரம்பிச்சுது. அந்தப் பேர டைப் அடிச்சது எனக்கு நல்லா ஞாபகம் இருக்கு. ஆனா லிஸ்ட்ல இல்ல. அதான் பயமாயிருக்கு.”

“உடம்பப் பாத்துக்கங்கக்கா” என்றேன். சீ, நானெல்லாம் ஒரு மனுஷனா?

மார்ச் 20, வெள்ளி

அக்கா லீவு. நரம்பு டாக்டரிடம் போயிருக்கிறாராம்.

மார்ச் 23, திங்கள்

பெரிய டாக்டரிடமும் அக்காவிடமும் உண்மையைச் சொல்லிவிட்டேன். பெரிய டாக்டர் வாங்கு வாங்கென்று வாங்கினார். அக்கா திட்டவில்லை.

“அன்னிக்கே தெரியுமா?”

“தெரியும்க்கா.”

“பதினோரு நாளா என் பொண்ணுக்கு எல்லாத்தையும் எழுதி வச்சிட்டிருந்தேன்டா. பீரோ சாவி எங்க, எந்த மாத்திரை எதுக்குன்னு. மறக்கறதுக்கு முன்னாடி.”



ஏப்ரல் 9, வியாழன்

பெரியவருக்கு ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது. அக்காவுக்கும் ஞாபகத்தில் ஒரு குறையும் இல்லையென்று ரிப்போர்ட் வந்துவிட்டது.

இருந்தாலும், ஒவ்வொரு பெயரையும் சேமித்த கையோடு மாடிக்குப் போன் செய்கிறார். “வந்துடுச்சா? கொஞ்சம் பாத்துச் சொல்லும்மா.” இனி அதற்கு அவசியமே இல்லை என்று சொல்லத்தான் இன்று போனேன். நான் சொன்னால் எந்த நம்பிக்கையில் போன் செய்வதை விடுவார்? நானும் அவரோடு காத்திருந்தேன். மாடியிலிருந்து பதில் வந்த பிறகுதான் அடுத்த ஆளைக் கூப்பிட்டார்.