திருத்தணியில் கொடுத்த முடி

7 ஜூலை 1974, ஞாயிறு
நாத்தனார் எல்லம்மா இன்றும் வந்து ஒரு பாட்டம் பேசிவிட்டுப் போனாள். குடியிருப்பது பக்கத்து வீட்டில், வாய் மட்டும் எங்கள் வீட்டில்.

"ஆறு வயசு முடியப் போவுது. இன்னும் உன்னை அம்மான்னு ஒரு வார்த்த கூப்ட்டாளா? நீ சாமிகிட்ட வேண்டிக்கினா தானே?"

சொர்ணம் அப்போது என் முதுகுக்குப் பின்னால் உட்கார்ந்து என் சடை நுனியைக் கன்னத்தில் தேய்த்துக்கொண்டிருந்தாள். ஊமை இல்லை என் பெண். ரேடியோவில் வரும் சோப்பு விளம்பரத்தை ஒரு எழுத்து விடாமல் சொல்லுவாள். பேர் சொல்லிக் கூப்பிட்டால் திரும்ப மாட்டாள், அவ்வளவுதான். எங்கள் ஊர் பருத்திப்பட்டு முழுக்க இதே பேச்சு. பேசட்டும், வாய் வலித்தால் நிறுத்திக்கொள்வார்கள்.

14 ஜூலை
திருத்தணியில் முடி கொடுப்பதாக எல்லம்மாவே வேண்டிக்கொண்டுவிட்டாளாம். யாருடைய முடி? என்னுடையது. பெற்றவள் கொடுத்தால்தான் சாமி கேட்குமாம்.

வீட்டுக்காரரைப் பார்த்தேன். தொழிற்சாலையில் சூப்பர்வைசரையே எதிர்த்துப் பேசுகிற மனுஷன், அக்கா எதிரில் சட்டைப் பொத்தானைத் திருகிக்கொண்டு நிற்கிறார். "அக்கா சொல்றதுல இன்னா தப்பு தாட்சா? முடி தானே, மொளைக்கும்."

முடிதானே! இடுப்புக்குக் கீழே தொங்குகிற முடி. ஆனாலும் சொர்ணம் ஒரு தடவை அம்மா என்று கூப்பிட்டால் தலையையே கொடுப்பேன். அதுவும் உண்மைதான். சரி என்றேன்.

11 ஆகஸ்ட், ஞாயிறு
மொட்டை போட்டாயிற்று. சந்தனம் பூசிக்கொண்டு வந்து, அவர் இடுப்பிலிருந்த சொர்ணத்தை வாங்கக் கை நீட்டினேன். கம்பத்தைப் பார்ப்பதுபோல் என்னைப் பார்த்தாள். தொட்டதும் அலறினாள். மலைப்படி முழுக்க அலறிக்கொண்டே வந்தாள். எவளோ ஒரு கிழவி, "யார் புள்ளம்மா அது, இப்படிக் கத்துது?" என்று என்னைக் கேட்டாள். என்னை.

13 ஆகஸ்ட்
இன்றும் என் கையால் சாப்பிடவில்லை.

19 ஆகஸ்ட்
எல்லம்மா ஊட்டினால் சாப்பிடுகிறாள். நாளெல்லாம் அவள் முதுகிலேயே ஒட்டிக்கிடக்கிறாள். அவளுக்குத் தலைகால் புரியவில்லை. "பாத்தியா, எங்க பாசம் கீதோ அங்க தான் புள்ள ஒட்டும்" என்கிறாள், வாசலில் நாலு பேர் கேட்க.

அவளை அப்படியே கிணற்றில் தள்ளிவிடலாம் போல இருந்தது. எழுதிவிட்டேன், எழுதியதை அழிக்கப் போவதில்லை. சாமி விளக்கையும் ஏற்றவில்லை, அவரோடும் பேசவில்லை. சொர்ணத்தின் மேலும் கோபம். பத்து மாசம் சுமந்தது யாருடி, நான் தானே? முகம் கூடவா தெரியாது உனக்கு?

8 செப்டம்பர், ஞாயிறு


எல்லம்மாவின் மகளைப் பார்த்துவிட்டுத் திருநின்றவூர் ஸ்டேஷனில் நின்றிருந்தோம். வெயில் தாங்காமல் எல்லம்மா சடையைச் சுருட்டிக் கொண்டை போட்டாள். உடனே சொர்ணம் அவள் கையை உதறினாள். வண்டி வந்தது. நீளச் சடை போட்ட யாரோ ஒருத்தி ஏறினாள். அந்தச் சடையைப் பிடித்துக்கொண்டு சொர்ணமும் ஏறிவிட்டாள். "அத்தைடி, சொர்ணம், அத்தை" என்று எல்லம்மா கத்தினாள். திரும்பவே இல்லை. வண்டி நகரும்போது நான்தான் ஓடி இழுத்தேன். முழங்கால் இரண்டும் தோல் போயிற்று.

எல்லம்மா முகம் செத்துவிட்டது. எனக்குச் சந்தோஷமாக இருந்தது, நிஜமாகவே. வீட்டுக்கு வந்து காலைக் கழுவும்போதுதான் உறைத்தது. சொர்ணம் தேடியது எல்லம்மாவை இல்லை என்றால் என்னையும் இல்லை. ஆறு வருஷமாக என்னையும் இல்லை. சடையைத்தான்.

17 செப்டம்பர்
மெட்ராஸில் ஒரு லேடி டாக்டரிடம் காட்டினோம். ஆட்டிசம் என்றாள். "நாம ஒரு ஆளைப் பாத்தா முகம், குரல், நடை எல்லாத்தையும் சேத்துப் பாக்குறோம். இவ ஒண்ணைப் பிடிச்சுக்கிட்டா மத்தது எதுவும் உள்ள போகாது. பாசம் இல்லைன்னு நினைக்காதீங்கம்மா." மருந்து கிடையாதாம். சடைக்குப் பதில் வேறு ஒன்றைப் பழக்கி, அப்புறம் இன்னொன்றைச் சேர்க்க வேண்டுமாம்.

வெளியே வந்ததும் அவர், "ஒரு சவுரி முடி வாங்கிக் கட்டிக்கினா முடிஞ்சிது" என்றார். எதில் கட்ட? மண்டையில் ஆணி அடித்தா?

3 அக்டோபர்
என் குரலைப் பழக்குகிறேன். ஒவ்வொரு வாய்ச் சோற்றுக்கும் முன்னால் அவள் கையை என் தொண்டையில் வைத்து, 'சொர்ணம்' என்கிறேன். இன்று கடித்துவிட்டாள். நானும் ஒன்று வைத்தேன். அப்புறம் இரண்டு பேரும் அழுதோம்.

22 டிசம்பர்
கதவுக்குப் பின்னால் நின்று கூப்பிட்டேன். வந்தாள். என் முகத்தைப் பார்க்கவில்லை, தொண்டையைத் தொட்டாள். "பூனையக் கூப்புடற மாதிரி கூப்புடறா" என்றாள் எல்லம்மா. பூனையாவது வருகிறதே.

16 நவம்பர் 1975, ஞாயிறு
முடி தோளைத் தொட்டுவிட்டது. எல்லம்மா சவுரி கொண்டுவந்தாள். "இப்போ கட்டலாம், உக்காரு" என்று அவளே பின்னிவிட்டாள். நல்ல எண்ணத்தில்தான் என்று நினைக்கிறேன், அவளுக்கும் வயசாகிறது.

சொர்ணம் ஓடிவந்தாள். நுனியைப் பிடித்துக் கன்னத்தில் தேய்த்துக்கொண்டு அவ்வளவு சிரிப்பு. "சொர்ணம்" என்றேன். காதிலேயே விழவில்லை. சவுரியைக் கழற்றி எல்லம்மா மடியில் போட்டுவிட்டு, அடுப்படிக்குப் போய் நின்று கூப்பிட்டேன். அந்தச் சவுரியை இழுத்து வைத்துக்கொண்டு, தலைகூட நிமிரவில்லை. ஒரு வருஷப் பாடு, ஒரு பின்னலில் போயிற்று.

எல்லம்மாவைச் சவுரியோடு வீட்டுக்கு அனுப்பினேன். இனிச் சவுரி கட்டவே முடியாதபடி, கத்தரிக்கோலை எடுத்து முடியைக் காதோடு வெட்டினேன். "புருசன் கல்லு மாதிரி உயிரோட கீறான், இன்னா காரியம் பண்ற நீ" என்று எல்லம்மா திரும்பி வந்து வாசலில் நின்று கத்தினாள். கத்தட்டும். சொர்ணம் மதியம் முழுக்க அழுதாள்.

நாலு மணிக்குக் கதவுக்குப் பின்னால் நின்று கூப்பிட்டேன். வரவில்லை. எத்தனை தடவை கூப்பிட்டேன் என்று தெரியாது, குரல் கட்டிவிட்டது. வந்தாள். தொண்டையில் கை வைத்தாள். அம்மா என்று இன்னும் சொல்லவில்லை. சோறு பிசைந்து வைத்திருந்தேன், என் கையால் சாப்பிட்டாள்.