ஒரு சொட்டு சோப்பு

வியாழன், இரவு.

புற்றுநோய் செல்லுக்குள் இரண்டு புரதங்கள் ஒட்டாமல் தடுக்கும் மூலக்கூறு கிடைத்துவிட்டதாம். ஆய்வகத் தலைவர் ராகவன் ஏரவாடா இனிப்புக் கடையிலிருந்து பால் பேடா வரவழைத்து எல்லோருக்கும் கொடுத்தார்.

எனக்குச் சந்தேகம். சோதனைக் கரைசலில் ஒரு சொட்டு சோப்புத் திரவம் கலந்து மறுபடி பார்த்தேன். தடுப்பு அப்படியே காணாமல் போனது. அந்த மூலக்கூறு கட்டி கட்டியாகத் திரண்டு, கண்ட புரதத்தையும் வாரிக்கொண்டிருந்திருக்கிறது. சோப்பு பட்டதும் கரைந்துவிட்டது. அவ்வளவுதான் கண்டுபிடிப்பு.

அவரிடம் காட்டினேன்.

"சோப்பை யாரும்மா போடச் சொன்னா? அது இல்லாம நல்லாத்தானே வேலை செய்யுது! அடுத்த வாரம் எலிக்குக் குடுத்துரலாம்."

சுற்றி நின்ற டாக்டர் பட்டங்கள் "க்யா பாத் ஹை, சர்!" என்று இந்தியில் மெச்சிப் பல்லைக் காட்டின.

அவருக்குச் சோப்புப் போட இத்தனை பேர். கரைசலில் போட, மருந்துக்குக்கூட இன்னொரு ஆள் இல்லை.