செய்தியில் வந்த தம்பியின் படம்

செவ்வாய்க்கிழமை இரவு.

கண்டி நகைக்கடைத் திருட்டில் பிடித்ததாகத் தம்பியின் படத்தைப் பொலிஸார் எல்லா ஊடகங்களுக்கும் கொடுத்தார்கள். அவன் குற்றவாளி இல்லையென்று நீதிமன்றம் விடுவித்துவிட்டது. அதையும் அறிவிக்கச் சொல்லி இன்று பொலிஸ் நிலையத்துக்குப் போனேன். அங்கே சார்ஜன்டாக இருப்பவன் என் வகுப்பில் படித்தவன். என் விடைத்தாளைப் பார்த்து எழுதியே தேறியவன். சிரித்தான்.

“புடிச்சா சொல்லுவோம் மச்சான். விட்டதையெல்லாம் எந்த டிவிக்காரன் போடுவான்?”

வீட்டுக்கு வந்ததும் தம்பி, “இன்னைக்கு நியூஸ்ல சொல்லுவாங்களாண்ணே?” என்று கேட்டான். “பாப்பம்” என்று டிவியைப் போட்டேன். வானிலை அறிக்கை முடியும்வரை பார்த்துக்கொண்டிருந்தான். பிறகு எழுந்துபோய், அந்தப் படத்தில் இருந்த தன் மீசையை மழித்துவிட்டு வந்தான்.