ஒளித்து வைத்த பாட்டு

வெள்ளிக்கிழமை, வெள்ளவத்தை.

குமரன் அண்ணா செத்த பிறகு இன்றைக்குத்தான் அவனுடைய அறைக்குள் போய் அவனுடைய சி.டி. ஒன்றைப் போட்டேன். தொண்ணூறுகளில் நாள் முழுக்க அலறவிடுவானே, அந்த ஆங்கில ரொக் பாட்டுகள். அப்போது நான் கதவில் அடித்துக் கத்துவேன், ஒன்றையும் ஒழுங்காகக் கேட்டதில்லை. இன்றைக்கு அவனுடைய கட்டிலில் இருந்துகொண்டு முழுவதையும் கேட்டேன். கிற்றார் கிழிந்துகொண்டு வரும், உடனே அடங்கும், பாடுகிறவன் காதுக்குள் முணுமுணுப்பான். அப்படியே பிடித்துப் போய்விட்டது. யாரிடம் போய்ச் சொல்ல?

கடைசிப் பாட்டு முடிந்தது. பிளேயரை நிறுத்த மறந்து, பல்கனியில் காய்ந்த உடுப்புகளை எடுக்கப் போய்விட்டேன். நெடுநேரம் ஒரு சத்தமும் இல்லை. திடீரென்று அவனுடைய அறையில் கிற்றார் அலறியது. கையிலிருந்த உடுப்பெல்லாம் கீழே விழுந்துவிட்டது. சி.டி.யின் கடைசியில் கொஞ்ச நேரம் வெறுமையாக ஓடவிட்டு, பிறகு ஒரு பாட்டை ஒளித்து வைத்திருக்கிறார்கள்.

அது எனக்கு விளங்குவதற்குள் குசினியிலிருந்து அம்மா கத்தினா: "குமரன், சத்தத்தைக் குறையடா! கீழ் வீட்டு நோனா இப்ப ஏசிக்கொண்டு வரப்போறா."

சொன்ன கையோடு அம்மா தேங்காய் திருவுகிற சத்தமும் நின்றுவிட்டது.

நான் அறைக்குப் போனேன். நிறுத்த மனம் வரவில்லை. சத்தத்தைக் குறைத்துவிட்டு, "குறைச்சாச்சு அம்மா" என்றேன். அவன் அப்படித்தான் சொல்வான்.

படுக்கப் போகும்போதுதான் அம்மா அவனுடைய அறை வாசலில் நின்று கேட்டா:

"அதில இன்னும் பாட்டு இருக்கோ?"