வண்டி ஏன் ஆடியது என்று தெரிந்துவிட்டது

என்னை ஸ்டியரிங் முன்னால் உட்கார வைத்துவிட்டுப் போய்விட்ட என் பிரியமானவருக்கு,

நீங்கள் போய் ஐந்து மாதம் ஆகிறது. இத்தனை நாள் எழுதாதவள் இன்று எழுதுவதற்குக் காரணம் பயம்தான். வேறு யாரிடம் போய்ச் சொல்வேன்?

முதலில் வீட்டுச் செய்தியைச் சொல்லிவிடுகிறேன். நம் செல்விக்கு ஒன்பதாம் மாதம். பிள்ளை குறுக்கே கிடக்கிறதாம், ஆபரேஷன்தான் என்று சொல்லிவிட்டார்கள். வியாழக்கிழமை காலை திருநெல்வேலியில் கொண்டுபோய்ச் சேர்க்க வேண்டும். மாப்பிள்ளைக்குப் பட்டாளத்தில் இன்னும் லீவு கிடைக்கவில்லை. டாக்ஸி சொல்லுவோம் என்றால் கேட்கிறாளா? "நீ ஓட்டுனா வருதேன். வேற யாரு கூடயும் வர மாட்டேன்" என்று ஒரே பிடிவாதம். உங்கள் மகள் இல்லையா?

வண்டிதான் காலை வாரியது. போன ஞாயிற்றுக்கிழமை மேலகரத்தில் சீசன் கூட்டத்தில் மாட்டிக்கொண்டோம். சாரல் வேறு. ஆக்ஸிலேட்டரில் இருந்து காலை எடுத்ததும் வண்டி குளிர்காய்ச்சல் வந்த ஆள் மாதிரி நடுங்கி, அப்படியே ஆஃப் ஆகிவிட்டது. பின்னால் குற்றாலம் போகிற வேன்காரர்கள் ஹாரனை விட்டுக் கையை எடுக்கவில்லை. செல்வி வயிற்றை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, "அம்மா, அன்னைக்கு மாதிரியே ஆடுது" என்றாள்.

உங்களுக்கு நெஞ்சுவலி வந்த அன்றைக்கு என்கிறாள். ஆம்புலன்ஸுக்குக் காத்திருக்க வேண்டாம் என்று நான்தான் வண்டியை எடுத்தேன். அவள் பின் சீட்டில் உங்கள் தலையை மடியில் வைத்திருந்தாள். பாவூர்சத்திரம் தாண்டி ஒரு வேகத்தடையில் வண்டி நின்றுவிட்டது. சாவியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தேன், எவ்வளவு நேரம் என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. ஒருவழியாக வண்டி கிளம்பி ஆஸ்பத்திரிக்குப் போனபோது டாக்டர், "கொஞ்சம் முன்னால வந்திருக்கலாமேம்மா" என்று மட்டும் சொன்னார்.

திங்கட்கிழமை வண்டியை மெக்கானிக் முருகையாவிடம் விட்டேன். உங்களை அண்ணாச்சி, அண்ணாச்சி என்று சுற்றி வருவாரே, அவர்தான். பிளக்கை எல்லாம் மாற்றினார். பெட்ரோலைப் பீய்ச்சுகிற இன்ஜெக்டரைக் கழற்றிச் சுத்தம் செய்தார். ஸ்கேனரை மாட்டினால், பெட்ரோலுக்கு மிஞ்சிக் காற்று போகிறது என்று காட்டுகிறதாம். "சென்சாரு போயிருக்கும் மைனி" என்று அதையும் மாற்றிப் பார்த்தார். நடுக்கம் குறையவே இல்லை.

நேற்று மத்தியானம் வண்டியை ஓடவிட்டுப் பானெட்டுக்குள் காதைக் கொடுத்துக்கொண்டே நின்றார். "மைனி, இங்கன வாங்க. உஸ்ஸுன்னு கேக்குதா?" எனக்கும் கேட்டது. இன்ஜினுக்குப் பின்னால் விரல் தடிமனில் ஒரு ரப்பர் குழாய். கையை உள்ளே விட்டு அதில் ஓர் இடத்தை அமுக்கினார், நடுக்கம் நின்றது. கையை எடுத்தார், மறுபடி ஆடியது.

குழாயைக் கழற்றி வெளிச்சத்தில் பிடித்தார். சின்ன ஓட்டைதான். "இதுவழியாத்தான் திருட்டுக் காத்து போயிருக்கு. எலி கடிச்சா பல்லுத் தடம் இருக்கும். இது தீப்பட்டுப் பொசுங்குன மாதிரில்லா இருக்கு. யாரும் வெல்டிங் கில்டிங் வச்சாங்களா?"

"தெரியலையே தம்பி" என்றேன்.

தெரியும். போன ஆயுத பூசைக்கு நீங்கள் பானெட்டைத் திறந்து வைத்து, இன்ஜினுக்குச் சந்தனமும் குங்குமமும் வைத்துவிட்டு, பூசணிக்காய் எடுக்க உள்ளே போனீர்கள். நான் சூடம் காட்டிக்கொண்டிருந்தேன். தட்டு சாய்ந்து எரிகிற சூடம் உள்ளே விழுந்துவிட்டது. தண்ணீரைத் தெளித்து அணைப்பதற்குள் ரப்பர் வாடை வந்துவிட்டது. நீங்கள் வந்து, "என்னட்டி வாட அடிக்கி?" என்று கேட்டீர்கள். "சாம்பிராணி" என்றேன். பூசைச் சூடம் கீழே விழுந்தால் வீட்டுக்கு ஆகாது என்பீர்கள். நல்ல நாளும் அதுவுமாக உங்கள் முகம் வாட வேண்டாம் என்று மறைத்தேன். அவ்வளவுதாங்க.

அதற்குப் பிறகுதான் வண்டி ஆட ஆரம்பித்தது. எத்தனை ஞாயிற்றுக்கிழமை பானெட்டுக்குள் தலையை விட்டுக்கொண்டு நின்றீர்கள். பெட்ரோலில் தண்ணீர் கலந்திருக்கிறது என்றீர்கள், பில்டர் அடைத்திருக்கிறது என்றீர்கள். நான் காபியைக் கொடுத்துவிட்டுப் பக்கத்திலேயே நின்றேன். அந்த வாடை எனக்கு ஞாபகம் வரவில்லையா, வந்தும் வாயை மூடிக்கொண்டேனா? எனக்கே தெரியவில்லை. ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் நீங்கள் நேராக அந்த இடத்தில் கையை வைத்திருப்பீர்கள். வண்டி அங்கே நிற்காமல் போயிருந்தால் நீங்கள் பிழைத்திருப்பீர்களா? சொல்லுங்களேன்.

புதுக் குழாய் போட்டாயிற்று. தென்காசி வரைக்கும் இரண்டு தடவை ஓட்டிப் பார்த்துவிட்டேன், ஒரு குறையும் இல்லை. ஆனாலும் சிக்னலில் நிற்கும்போதெல்லாம் இன்ஜின் சத்தத்தையே கேட்டுக்கொண்டிருக்கிறேன். நேற்று ராத்திரியும் போய் ஸ்டார்ட் பண்ணிப் பார்த்தேன். செல்வி பையெல்லாம் கட்டிவிட்டு, "குழாயத்தான் மாத்தியாச்சுல்லா, பெறவு என்னம்மா பயம்?" என்று சிரிக்கிறாள்.

பிரசவம் முடியட்டும், சூடம் விழுந்த கதையை அவளிடம் பிறகு சொல்லிக்கொள்ளலாம் என்று மனசு இழுக்கிறது. இந்த நேரத்தில் அவளைக் கலங்கடிக்கலாமா என்றுதான் நீங்களும் கேட்பீர்கள். உங்கள் முகம் வாடக் கூடாது என்று நினைத்ததும் இதே மனசுதான். என்னை நம்பி ஏறுகிறவளுக்கு, யாரை நம்பி ஏறுகிறோம் என்று தெரிந்திருக்க வேண்டாமா?

இதை மடித்து வைத்ததும் அவளிடம் போய் எல்லாவற்றையும் சொல்லிவிடுவேன். கேட்டுவிட்டு உன்னோடு வர மாட்டேன் என்றால் டாக்ஸி சொல்லிவிட்டு, நான் பின்னாலேயே பஸ் ஏறி வருவேன். அப்புறமும் என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள் என்றால், பயம் போகாவிட்டாலும் நானே கொண்டுபோய்ச் சேர்ப்பேன். இது உங்கள் மேல் சத்தியம்.

உங்களிடம் ஒன்றே ஒன்றை மறைத்த
உங்கள் மனைவி,
பேச்சியம்மாள்
குத்துக்கல்வலசை