கத்தி படாத கழுத்து

6 ஜனவரி 1938

காலையில் கடை வாசலில் உறைபனி. கட்டையில் வைத்த கறி விறைத்துப் போய், வெட்டினால் கத்திதான் துள்ளுகிறது. இரண்டு ஆடு அறுத்தேன், ஒன்றுதான் போனது. கிறிஸ்துமஸ் முடிந்து வெள்ளைக்காரர்கள் பாதிப்பேர் மலையை விட்டுக் கீழே இறங்கிவிட்டார்கள். பஜார் தூங்கி வழிகிறது. முழங்கால் வலிக்கு வீட்டுக்காரி ஃபக்ருன்னிசா நல்லெண்ணெய் காய்ச்சித் தந்தாள். வலி அப்படியே இருக்கிறது, கைலியில் எண்ணெய்க் கறைதான் மிச்சம்.

11 ஜனவரி

தம்பி இப்ராம்சாவைப் பிடித்துவிட்டார்கள். கீழே அடுக்கம் ஊரில் அவனுடைய டீக்கடைக்குப் பின்னால், சாக்கில் கேளையாட்டுக் கறி. பேர்தான் ஆடு, மான் சாதி. காட்டுக்குள் கம்பிக் கண்ணி வைத்து மான் பிடித்திருக்கிறான். ஃபாரஸ்ட் கார்டு நேரே வந்து சாக்கை அவிழ்த்தானாம். இப்போது பெரியகுளம் லாக்கப்பில் இருக்கிறான்.

அவன் மனைவி ஆசியா எட்டு மாத வயிற்றோடு மலைப்பாதை ஏறி வந்து கடையில் உட்கார்ந்துவிட்டாள். "பெரிய மச்சான், துரைமாருக்கெல்லாம் கறி போடுறீங்க. ஒரு வார்த்தை சொல்லக் கூடாதா? புள்ள பொறக்கையில அவுக உள்ள கெடக்கணுமா?"

மான் கறி கேட்கிறதாக்கும் அவன் நாக்குக்கு! அண்ணன் கறிக்கடை வைத்திருக்கிறான், தம்பி கண்ணி வைக்கிறான். கேட்கிறவன் சிரிப்பான். ஆத்திரம் ஆத்திரமாக வந்தது. அவளிடம் காட்ட முடியுமா? பார்க்கிறேன் என்று மட்டும் சொன்னேன்.

13 ஜனவரி

பங்களா துரையைப் பார்க்கப் போனேன். ரேஞ்சர் அவர் பேச்சைத் தட்டமாட்டார். எனக்கும் அவருக்கும் பல வருடப் பழக்கம். அவர் சுட்டு வீழ்த்தினால், உயிர் இருக்கும்போதே நான் ஓடிப் போய் பிஸ்மி சொல்லி அறுப்பேன். அப்படி அறுத்தால்தான் காடு கலைக்க வரும் நம் ஆட்கள் அந்தக் கறியைத் தின்னலாம். பிறகு தோல் உரித்துக் கொடுப்பேன். தலை அவருக்கு, கறி எங்களுக்கு.

ஹாலில் நிற்க வைத்துப் பேசினார். சுற்றிலும் சுவர் முழுக்க மான் தலை.

"உன் தம்பி திருடன். கண்ணி வைக்கிறவனுக்கு ஆணும் ஒண்ணு, பொட்டையும் ஒண்ணு. அது பொட்டை. வயித்துல குட்டி இருந்தது. தெரியுமா உனக்கு?"

தெரியாது. தலையைக் குனிந்துகொண்டேன். அதில் அவர் சொன்னது நியாயம்தான். "நான் வயசான ஆண்மானைத்தான் சுடுவேன். லைசென்ஸ் இருக்கு" என்றார். அதுவும் உண்மை. ஆனால் இந்தச் சுவரில் இருக்கிற ஒன்றாவது யார் பசிக்காவது செத்ததா? வாயைத் திறக்கவில்லை. காரியம் ஆக வேண்டுமே.

கவுஞ்சிப் பக்கம் ஒரு பெரிய கடமான் நிற்கிறதாம். அதற்குத்தான் அடுத்த வேட்டை. "இந்தத் தடவை கழுத்தில கத்தி படக்கூடாது. போன தடவை நீ அறுத்ததை மைசூர்க்காரன் தைச்சுப் பாடம் பண்ணினான், தையல் இன்னும் தெரியுது. மார்பு வரைக்கும் தோல் முழுசா வேணும். தலை நல்லபடியா வரட்டும், ரேஞ்சர்கிட்ட நான் பேசுறேன்."

சரிங்க துரை என்றேன். வேறென்ன சொல்ல?

14 ஜனவரி

ஆசியாவிடம் நல்ல சேதி சொன்னேன். குட்டி விஷயத்தைச் சொல்லவில்லை.

17 ஜனவரி

நேற்று வேட்டை. எழுதப் பிடிக்கவில்லை. எழுதாமலும் இருக்க முடியவில்லை.

கவுஞ்சிக்காரன் செல்லப்பாண்டிதான் வழிகாட்டி. ஆட்கள் தகரம் தட்டிச் சோலையைக் கலைக்க, கடமான் நாங்கள் நின்ற பக்கத்துப் புல்சரிவில் வெளியே வந்தது. துரை பள்ளத்துக்கு அந்தப்புற மேட்டிலிருந்து சுட்டார். குண்டு இடுப்புக்கு மேலே பட்டு முதுகெலும்பு முறிந்துவிட்டது. பின்கால் இரண்டும் செத்துவிட்டன. முன்காலை ஊன்றி எழும்புகிறது, விழுகிறது, மறுபடி எழும்புகிறது. நானும் செல்லப்பாண்டியும் ஓடிப் போய்ச் சேர்ந்தோம். துரை அங்கிருந்தே கையை ஆட்டிக் கத்தினார் — "தொடாதே! நான் வர்றேன்!" அவர் பள்ளத்தை முழுக்கச் சுற்றித்தான் வர வேண்டும்.

இடுப்பில் கத்தி இருக்கிறது. நான் அறுக்கிறவன். ஆட்டின் கண் முன்னால் கத்தியைத் தீட்டக்கூடக் கூடாது என்று சொல்லிக் கொடுத்து வளர்த்தார்கள். இத்தனை வருடத்தில் எந்த உயிரையும் நான் காக்க வைத்ததில்லை. நேற்று வைத்தேன்.

செல்லப்பாண்டி கெஞ்சினான். "பாய், அறுத்து விட்ருங்க பாய். என்ன பாவம் இது! நம்மளப் பாத்துக்கிட்டே கெடக்கு."

"முடியாதுப்பா."

"துரைக்கு நான் பதில் சொல்லிக்கிறேன்."

அவன் என்ன பதில் சொல்வான்? லாக்கப்பில் கிடப்பது அவன் தம்பியா?

நடுவில் மூடுபனி இறங்கி எல்லாவற்றையும் மறைத்தது. கொஞ்சம் நிம்மதியாக இருந்தது. ஆனால் மூச்சு இழுக்கிற சத்தம் மட்டும் நிற்கவில்லை. பனி விலகினபோதும் அது சாகவில்லை. முன்காலால் பிறாண்டிப் பிறாண்டி, புல் போய் மண் தெரிந்தது. துரை வந்து சேர்வதற்குக் கொஞ்சம் முன்னால்தான் அடங்கியது.

அவர் தொப்பியைக் கழற்றினார். "பாவம், நல்ல மிருகம்" என்றார். மனதாரத்தான் சொன்னார், அதில் பொய் இல்லை. பிறகு டேப்பை எடுத்துக் கொம்பை அளந்தார்.

அறுக்காமல் செத்தது என்பதால் நம் ஆட்கள் தொடவில்லை. வெறுங்கையோடு, என் முகத்தைப் பார்க்காமல் இறங்கினார்கள். கவுஞ்சி ஆட்கள் கொஞ்சம் எடுத்துப் போனார்கள், மீதி அங்கேயே கிடக்கிறது. பிடரிப் பக்கமாகக் கீறித் தோலை உரித்துக் கொடுத்தேன். முன்கழுத்தில் ஒரு கீறல் இல்லை. துரை முதுகில் தட்டினார்.

நான் என்னதான் செஞ்சிருக்கணும்? யாருகிட்ட போய்க் கேக்க?

18 ஜனவரி

கடை திறக்கவில்லை. காய்ச்சல் என்று சொல்லிக்கொண்டேன்.

20 ஜனவரி

இப்ராம்சா வந்துவிட்டான். கோர்ட்டுக்குப் போகாமல் அபராதத்தோடு விட்டுவிட்டார்கள். மெலிந்திருக்கிறான். வந்ததும் தட்டு நிறையச் சோறு வாங்கிச் சாப்பிட்டான். ஆசியா அழுகையும் சிரிப்புமாக நின்றாள்.

"துரை தங்கமான மனுசன் அண்ணே. அவுக இல்லேன்னா நான் கம்பிதான் எண்ணணும்" என்றான்.

ஆமாம் என்றேன். கண்ணியில் சிக்கினது சினை என்று உனக்குத் தெரியுமா என்று கேட்டேன். சாப்பிடுகிற கை நின்றது. "உரிக்கும்போதுதான் தெரிஞ்சது. யாருகிட்டயும் சொல்லலண்ணே" என்றான். அதற்கு மேல் நானும் கேட்கவில்லை. எல்லோரும் களைத்துப் போயிருக்கிறோம்.

5 பிப்ரவரி

ஆசியாவுக்குப் பெண் குழந்தை. தகப்பன் பக்கத்தில் இருக்கப் பிறந்தது. ஜாஹிதா என்று பேர் வைத்திருக்கிறார்கள். என் மடியில் கொண்டுவந்து போட்டார்கள். நல்ல கனம். அந்தக் கொஞ்ச நேரம் மட்டும், செய்தது சரிதான் என்று இருந்தது.

12 பிப்ரவரி

பக்ரீத். வழக்கம்போல நான்தான் எல்லோர் வீட்டுக்கும் அறுத்தேன். "என்ன பாய், இந்த வருசம் இவ்வளவு வெரசா முடிச்சிட்டீங்க" என்று கேட்டார்கள். எனக்கு இப்போதெல்லாம் அவசரம். ஆட்டைக் கிடத்தினால் அடுத்த மூச்சுக்குள் முடிந்துவிட வேண்டும்.

7 மே

சீசன் கூட்டம். கறி மதியத்துக்குள் தீர்ந்துவிடுகிறது. துரை ஆள் அனுப்பிக் கூப்பிட்டார். மைசூரிலிருந்து தலை வந்துவிட்டதாம். விருந்தாளிகள் கூடி நிற்க, விளக்கைத் தூக்கிக் கழுத்தைக் காட்டினார். ஒரு தழும்பு இல்லை. கண்ணாடிக் கண், எண்ணெய் தடவின மாதிரி ரோமம். நன்றாக இருக்கிறது என்று சொன்னேன். நன்றாகத்தான் இருந்தது, அதுதான் கஷ்டம்.

கிளம்பும்போது கேட்டார்: "உன் தம்பிக்குக் காடு நல்லாத் தெரியும் போல. அனுப்பி வை."

4 டிசம்பர்

மழை விட்டதிலிருந்து இப்ராம்சா துரையிடம் சம்பளத்துக்கு இருக்கிறான். காக்கிக் கோட்டு, பூட்ஸ். மான் எங்கே மேயும், எங்கே படுக்கும் எல்லாம் அவனுக்கு அத்துபடி. அப்போது அதற்காகப் பிடித்தார்கள், இப்போது அதற்காகச் சம்பளம் கொடுக்கிறார்கள்.

நாளைக்கு வேட்டை. கடையில் சோலி இருக்கிறது, வர முடியாது என்று நான் சொல்லிவிட்டேன். பொய்தான். அதனால் எனக்குப் பதில் அறுக்க, சாயங்காலம் இப்ராம்சா வந்து என் கத்தியைக் கேட்டான்.

"ஏலே, துரை சுட்டு, சாகாமக் கெடந்தா என்ன செய்வே?"

"அறுப்பேன்."

"கழுத்தத் தொடாதேன்னு சொன்னா?"

என்னை ஒரு மாதிரி பார்த்தான். "நிக்க வேண்டியதுதான். நீங்க நிக்கலியா அண்ணே? செல்லப்பாண்டி எல்லாத்தையும் சொன்னான். எனக்காகத்தானே நின்னீங்க. நான் எம் புள்ளைக்காக நின்னுட்டுப் போறேன்."

குத்திக் காட்டவில்லை. நன்றியோடுதான் சொன்னான். கத்தியை எடுத்துக் கொடுத்தேன்.